பாட்டுச் சந்தாவின் விலையை ஏற்றப்போகும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் இசைச் செயலி நடத்தும் நிறுவனங்களில் விலையை முடிவு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம்.

அடுத்த விலையேற்றம் எந்தத் தேதியில் என்பது உங்களுக்குத்தான் தெரியும். வரும் என்பது எங்களுக்கும் தெரியும். 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இங்கே வந்தபோது தனிநபர் சந்தா மாதம் 119 ரூபாய். 2025-இல் அது 139 ஆனது. அதே ஆண்டு நவம்பரில் திட்டங்களையே மாற்றி அடுக்கி லைட் 139, ஸ்டாண்டர்ட் 199, பிளாட்டினம் 299 என்று வைத்தார்கள். 2019 மார்ச்சில் 129 ரூபாய்க்கு வந்த யூடியூப் பிரீமியம் 2024 ஆகஸ்டில் 149 ஆனது. அதன் ஃபேமிலி பிளான் 189-இலிருந்து ஒரே தாவலில் 299-க்குப் போனது.

விலை வைப்பது உங்கள் உரிமை, அதோடு எங்களுக்குச் சண்டை இல்லை. விலையேற்ற அறிவிப்புக்கும் முதல் புதிய பிடித்தத்துக்கும் இடையே இருக்கும் சில வாரங்களைப் பற்றித்தான் இந்த மடல். அந்த வாரங்களில் சந்தாதாரர் செய்யக்கூடிய காரியங்கள் நிறைய. அவற்றில் பாதியை, தெரிந்தோ தெரியாமலோ, செய்ய முடியாதபடி வைத்திருக்கிறீர்கள். நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்பதை ஒளிக்காமல் உங்களிடமே சொல்லிவிடுகிறோம். உங்கள் சந்தாதாரர்களும் கூடவே படிப்பார்கள், படிக்கட்டும்.

முதலில் ஆண்டுச் சந்தா. யூடியூப் பிரீமியத்தின் 2024 ஏற்றத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்கு முன் தனிநபர் ஆண்டுச் சந்தா 1,290 ரூபாய்; மாதாமாதம் கட்டினால் 129 வீதம் 1,548. ஏற்றத்துக்குப் பின் ஆண்டுக்கு 1,490. மாதக் கணக்கில் 149 வீதம் 1,788. பழைய விலையிலும் புதிய விலையிலும் ஆண்டுச் சந்தாவில் மிச்சமாவது சரியாக இரண்டு மாதக் காசு. ஆனால் ஏற்றம் அமலுக்கு வருமுன் பழைய 1,290-ஐக் கட்டி முடித்தவருக்கு, புதிய விலையில் மாதாமாதம் கட்டியவரைவிட ஓராண்டில் 498 ரூபாய் மிச்சம். விலையேற்ற மெயிலைப் படித்த அன்றே செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பெரிய லாபம் தருவது வேறில்லை.

அதே விலைப்பட்டியலில் ஒரு வேடிக்கையும் இருந்தது. மூன்று மாத முன்பணச் சந்தா 459 ரூபாய். ஆட்டோபேயில், அதாவது கணக்கிலிருந்து காசு தானாகப் பிடிக்கப்படும் முறையில், மாதாமாதம் போனால் மூன்று மாதத்துக்கு 447. மொத்தமாகக் கட்டினால் குறையும் என்று நம்பியவர் 12 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார். ஒரு மாத முன்பணமும் 159, ஆட்டோபேயைவிடப் பத்து ரூபாய் அதிகம். எங்களை ஆட்டோபேக்குள் கொண்டுவரத்தான் இந்த வித்தியாசம் என்று புரிகிறது. இருந்தாலும் முன்பணச் சந்தாவின் விலைக்குக் கீழே 'மாதத்துக்கு இவ்வளவு' என்று ஒரு வரி போட்டால் என்ன? நீங்கள் போடாதவரை, வாங்குபவர்தான் மாத எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

ஆண்டுச் சந்தாவுக்கு மாற முடியாமல் தடுப்பது பெரும்பாலும் தேதிதான். சில சேவைகளில் மாதச் சந்தா ஓடிக்கொண்டிருக்கும்போது ஆண்டுச் சந்தா வாங்க விடுவதில்லை. மாதச் சந்தாவை ரத்து செய்து, கட்டிய மாதம் முடியும்வரை காத்திருந்து, அப்புறம்தான் வாங்க வேண்டும். ஒருவருக்கு ஒவ்வொரு மாதமும் 18-ஆம் தேதி பிடித்தம், புதிய விலை செப்டம்பர் 12 முதல் என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 18-க்கு முன்பே ரத்து செய்திருந்தால், 18 அன்று பழைய விலையில் ஆண்டுச் சந்தா எடுக்கலாம். அன்றைக்குப் பிடித்தம் நடந்துவிட்டதோ, அடுத்த வாசல் திறப்பது செப்டம்பர் 18-இல். அதற்குள் விலை ஏறி ஆறு நாள் ஆகியிருக்கும். உங்கள் மெயில் ஆகஸ்ட் 20-ஆம் தேதி வந்தால் அந்த மனிதருக்கு அது வெறும் தகவல், வேறெதற்கும் பயன்படாது. 30 நாள் முன்னறிவிப்பு போதாது, 45 நாள் வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதனால்தான். பிடித்தத் தேதி எதுவாக இருந்தாலும் 45 நாள் கொடுத்தால் எல்லோருக்கும் முடிவெடுக்கக் குறைந்தது இரண்டு வாரம் கிடைக்கும். அது முடியாதென்றால், மாதச் சந்தா ஓடும்போதே ஆண்டுச் சந்தாவை வாங்கவிட்டு, இந்த மாதம் முடிந்ததும் அது தொடங்கும்படி செய்யுங்கள். 

சந்தாதாரர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. ஆப்பிள் கணக்கிலோ கூகுள் பிளேயிலோ கிஃப்ட் கார்டு போட்டுப் பணத்தை ஏற்றி வைப்பது விலையைப் பூட்டாது. ஏற்றத்துக்குப் பிறகு அந்த இருப்பிலிருந்து புதிய விலைதான் கழியும். பூட்டுவது வாங்கிய காலம் மட்டுமே. ஐபோனில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: யூடியூப் பிரீமியத்தை ஐபோன் செயலிக்குள்ளிருந்து வாங்கினால் பிரௌசரில் வாங்குவதைவிட விலை கூடுதல். சஃபாரியில் தளத்தைத் திறந்து, அதே கணக்கில் நுழைந்து வாங்கினால் போதும், செயலியில் சந்தா தானாகத் தெரியும்.

அடுத்தது ஃபேமிலி பிளான். யூடியூப் பிரீமியத்தில் அது 189 ரூபாயாக இருந்த காலத்தில் கணவன், மனைவி இருவர் மட்டும் சேர்ந்தாலே லாபம்: தனித்தனியாக 258, சேர்ந்தால் 189. ஏற்றத்துக்குப் பின் தனித்தனியாக 298, ஃபேமிலி பிளான் 299. இரண்டு பேர் உள்ள வீடு ஒரு ரூபாய் நட்டத்தில் ஃபேமிலி பிளானைக் கட்டிக்கொண்டிருந்தது! மூன்றாவது ஆள் சேர்ந்தால்தான் பிளான் பிழைக்கும்; ஆறு பேரும் நிறைந்தால் தலைக்கு ஐம்பது ரூபாய்கூட வராது. ஆகவே விலை மாறும் ஒவ்வொரு தடவையும் வீட்டில் உண்மையில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். காலி இடம் இருந்தால் அதே வீட்டில் இருக்கும் அம்மாவையும் மாமனாரையும் சேர்த்துவிடலாம். அவர்கள் தனியாகக் கணக்கு வைத்துக்கொண்டால், நம் பரிந்துரைப் பட்டியலில் பக்திப் பாடல் வந்து நிற்கும் தொல்லையும் தீரும்.

ஆனால் ஃபேமிலி பிளானில் கால் வைக்குமுன் பூட்டுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். உறுப்பினர்கள் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. ஸ்பாட்டிஃபையில் பணம் கட்டுபவர் கொடுத்த முகவரியையே ஒவ்வொருவரும் கொடுக்க வேண்டும். கதவு எண், குறுக்குத் தெரு என்று ஆளுக்கொரு விதமாக எழுதினால் ஒத்துப்போகாமல் அழைப்பு நின்றுவிடும். பணம் கட்டுபவர் கொடுத்த வரியை அப்படியே காப்பி செய்து ஒட்டுவதுதான் வழி. கூகுள் குடும்பக் குழுவிலும் ஸ்பாட்டிஃபையிலும் ஒரு குடும்பத்திலிருந்து விலகி இன்னொன்றில் சேர்வது 12 மாதத்துக்கு ஒரு முறைதான். 'சும்மா சேர்ந்து பார்க்கிறேன்' என்று நண்பர் குழுவில் சேர்ந்தவர், தன் வீட்டுப் பிளானுக்கு ஓராண்டு திரும்ப முடியாது. பணம் கட்டுபவரின் கார்டு காலாவதியானால் ஆறு பேருக்கும் சேர்ந்தே பாட்டு நிற்கும். இந்த விதிகளை உதவிப் பக்கத்தில் புதைத்து வைக்காமல், 'சேர்' என்ற பொத்தானுக்கு மேலேயே எழுதுங்கள்.

இனி, ஒரே பொருளுக்கு இரண்டு இடத்தில் கட்டும் காசு. எங்கள் கணிப்பில், விலையேற்றத்தைவிட அதிகமாகப் பணம் கரைவது இங்கேதான். யூடியூப் பிரீமியத்துக்குள் யூடியூப் மியூசிக் பிரீமியம் அடக்கம். விளம்பரமில்லாமல் வீடியோ பார்க்கப் பிரீமியம் கட்டும் வீட்டில், பாட்டுக்கென்று தனியாக ஒரு சந்தாவும் ஓடும். அமேசான் பிரைம் ஆண்டுக்கு 1,499 கட்டி டெலிவரிக்கும் படத்துக்கும் மட்டும் பயன்படுத்துகிறவர்களில் எத்தனை பேர் அதோடு வரும் அமேசான் மியூசிக்கைத் திறந்திருப்பார்கள்? ஏர்டெல், ஜியோ பிளான்களோடும் அவ்வப்போது இசைச் சலுகை வரும்; ரீசார்ஜ் செயலிக்குள் போய் 'கிளெய்ம்' கொடுக்காமல் அது தானாகத் தொடங்காது. ஒன்றை மட்டும் தவறாக எண்ண வேண்டாம்: 89 ரூபாய் யூடியூப் பிரீமியம் லைட் இதற்கு மாற்று இல்லை. இசை வீடியோக்களில் அதில் விளம்பரம் வரும்.

எங்கெங்கே கட்டுகிறோம் என்று கண்டுபிடிக்க நான்கு இடம் தேட வேண்டும். ஜிபே, போன்பே போன்ற யுபிஐ செயலியில் சுயவிவரப் படத்தைத் தொட்டு ஆட்டோபே பட்டியல். பிளே ஸ்டோரில் சுயவிவரம், அதற்குள் பேமென்ட்ஸ் பகுதியில் சந்தாக்கள். ஐபோனில் செட்டிங்ஸ், மேலே உங்கள் பெயர், அதற்குள் சந்தாக்கள். கார்டு கொடுத்திருந்தால் வங்கித் தளத்தில் அந்தக் கார்டின் மேண்டேட் (தானாகப் பிடிக்க நாம் கொடுத்த ஒப்புதல்) பட்டியல். வாங்கிய இடத்தில்தான் ரத்து செய்ய முடியும். பிளே ஸ்டோரில் வாங்கியதை இசைச் செயலிக்குள் தேடினால் கிடைக்காது. செயலியை போனிலிருந்து நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. நிற்காது. ஐபோன் வழி வாங்கியதைப் புதுப்பிப்புக்கு 24 மணி நேரம் முன்பாவது ரத்து செய்ய வேண்டும். இலவசக் காலத்தில் ரத்து செய்யும்போது மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு: ஆப்பிள் மியூசிக்கில் இலவசக் காலம் அந்த நொடியே முடிந்துவிடும், மற்ற பலவற்றில் காலம் முடியும்வரை ஓடும்.

ஆட்டோபே மேண்டேட்டைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதி 2019 ஆகஸ்டில் வெளியாகி, 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. ஒவ்வொரு பிடித்தத்துக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பு நிறுவனத்தின் பெயர், தொகை, தேதி ஆகியவற்றோடு தகவல் வர வேண்டும். அந்தத் தகவலிலிருந்தே விலகவும் வழி இருக்க வேண்டும். மேண்டேட் இரண்டு வகை. ஒன்று நிலையான தொகை. இன்னொன்று மாறும் தொகை. அதில் உச்ச வரம்பை வாடிக்கையாளர்தான் குறிக்க வேண்டும். 15,000 ரூபாய் வரை ஓடிபி இல்லாமல் பிடிக்கலாம்.

இந்த உச்ச வரம்பில்தான் சூட்சுமம். 119 ரூபாய்ச் சந்தாவுக்கு 'அதிகபட்சம்' என்ற இடத்தில் அதைவிடப் பல மடங்கு தொகை முன்கூட்டியே நிரப்பப்பட்டு வந்தால், வாடிக்கையாளர் பின் எண்ணைப் போட்டு ஒப்புக்கொண்டுவிடுவார். அடுத்த விலையேற்றம் அந்த வரம்புக்குள் அடங்குவதால் புதிய ஒப்புதல் தேவைப்படாது; 24 மணி நேரக் குறுஞ்செய்தி ஒன்று வரும், ஓடிபி செய்திகளுக்கும் கடன் விளம்பரங்களுக்கும் நடுவில் அதுவும் புதைந்துபோகும். வரம்பு சந்தா விலைக்கே சமமாக இருந்தால், விலை ஏறும் மாதம் பிடித்தம் தோற்கும், நீங்கள் எங்களிடம் வந்து கேட்டே ஆக வேண்டும். சந்தாதாரர்கள் செய்ய வேண்டியது சுலபம்: ஆட்டோபே பட்டியலில் இசைச் சந்தாவைத் திறந்து 'அதிகபட்சம்' என்ன என்று பாருங்கள். சந்தா விலையைவிட மிகக் கூடுதலாக இருந்தால் ரத்து செய்துவிட்டு, நடப்பு மாதம் முடிந்ததும் நிலையான தொகையில் புதிதாக எடுங்கள். நிறுவனங்களான நீங்கள் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம்: வரம்பை விலைக்குச் சமமாக வையுங்கள்.

மாணவர் சந்தாவில் வேறு விதமான ஓட்டை. ஸ்பாட்டிஃபை, யூடியூப் இரண்டிலும் தகுதியை ஆண்டுக்கொரு முறை மறுபடி நிரூபிக்க வேண்டும், மொத்தம் நான்கு ஆண்டு வரைதான். நிரூபிக்க மறந்த மாதம் முழு விலைக்குத் தாவிவிடும். விலையேற்றம் வரப்போகிறது என்றால் மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் சரிபார்ப்பு எப்போது முடிகிறது என்பதைத்தான். சரிபார்ப்புப் படிவம் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். இனிஷியல் மட்டும் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் அப்பாவின் பெயரை விரித்துப் போட்டால், கல்லூரி அடையாள அட்டையோடு ஒத்துப்போகாமல் நிராகரிப்பு வரும். அட்டையில் 'எஸ்' என்று இருந்தால் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் 'எஸ்' மட்டுமே. அட்டையில் நடப்புக் கல்வியாண்டு தெரியாவிட்டால் கட்டண ரசீதையோ போனஃபைடு சான்றிதழையோ சேர்த்து அனுப்புவது நல்லது. 

எல்லோரும் மேல் திட்டத்துக்கு மாற வேண்டிய அவசியமும் இல்லை. ஸ்பாட்டிஃபை பிளாட்டினத்தின் முக்கிய விற்பனைச் சரக்கு இழப்பில்லாத ஒலி. குறுந்தட்டுத் தரம் என்றால் நொடிக்கு 1,411 கிலோபிட். நம்மில் பெரும்பாலோர் காதில் மாட்டும் சாதாரண ப்ளூடூத் ஹெட்போன் எஸ்பிசி என்ற ஒலிச் சுருக்க முறையில் சுமார் 328 கிலோபிட், ஏஏசி முறையில் சுமார் 256 கிலோபிட்டைத்தான் கடத்தும். வயர் வைத்த ஹெட்போனோ, டிஜிட்டல் ஒலியை மாற்றித் தரும் தனி டிஏசி கருவியோ, நல்ல ஸ்பீக்கரோ இல்லாதவர் அந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுப்பது வீண். மூன்று பேர் சேர்ந்து பிளாட்டினத்தைப் பகிர்ந்தால் தலைக்கு நூறு ரூபாய் என்பது வேறு கணக்கு. அப்படி எடுப்பவர்கள் ஒலித்தரத்தை இலவசமாகக் கிடைத்ததாக எண்ணிக்கொள்ளலாம்.

கீழே ஸ்பாட்டிஃபை லைட்டுக்கு வந்தால் 160 கிலோபிட், ஆஃப்லைன் டவுன்லோடு கிடையாது. இதைச் சொல்லாமல் விட முடியாது: 2025 நவம்பர் மாற்றத்துக்கு முன்புவரை அதே 139 ரூபாய்க்கு டவுன்லோடு இருந்தது. இதை விலையேற்றம் என்று மெயிலில் எழுதவில்லை என்பதற்காக விலை ஏறவில்லை என்றாகிவிடாது. 160-இல் ஒரு நிமிடப் பாட்டு 1.2 எம்பி, ஐந்து நிமிடப் பாட்டு 6 எம்பி. தினம் இரண்டு மணி நேரம் கேட்டால் 144 எம்பி, மாதத்துக்கு நாலேகால் ஜிபி. தினம் ஒன்றரை ஜிபி ரீசார்ஜ் வைத்திருப்பவருக்கு அது பொருட்டே இல்லை, லைட் போதும். கொல்லிமலை ஏறும் பேருந்தில் சிக்னல் போய்ப்போய் வரும் பாதையில் தினம் போகிறவருக்கு ஸ்டாண்டர்டின் அறுபது ரூபாய் தகும்.

இப்போது எதிர்ப்பக்கம். ஓராண்டுக் காசை முன்கூட்டிக் கொடுக்கும்போது பட்டியல் அப்படியே இருக்கும் என்ற உறுதி எங்களுக்கு இல்லை. 2023 மார்ச்சில் உரிமப் பேச்சு முறிந்து ஸீ மியூசிக் பாடல்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து போயின. ரெஸ்ஸோ என்ற இசைச் செயலி 2024 ஜனவரி இறுதியில் இந்தியாவில் கடையை மூடியது. அதே ஆண்டு விங்க் மியூசிக்கும் போனது. இந்த அபாயத்தை முழுக்கச் சந்தாதாரர் தலையில் கட்டாதீர்கள்: பெரிய நிறுவனம் ஒன்றின் பாடல்கள் மொத்தமாக வெளியேறினால், ஆண்டுச் சந்தாதாரருக்கு மீதி மாதங்களின் காசைத் திருப்பும் வழி வேண்டும். அதுவரை எங்கள் முறை இது: ஆண்டுச் சந்தா எடுக்குமுன், இல்லாமல் முடியாது என்று தோன்றும் இருபது பாடலைத் தேடிப் பார்ப்போம், நான்கைந்து சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தால் மாதச் சந்தாவோடு நிற்போம்.

பிளேலிஸ்டுதான் எங்களைக் கட்டிப்போட்டிருக்கும் கயிறு என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். சவுண்டீஸ், டியூன்மைமியூசிக் போன்ற கருவிகள் பட்டியலை ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும். இலவசமாகச் சில நூறு பாடல் வரை. ஆங்கிலப் பாட்டுக்கு இது பெரும்பாலும் பிழையில்லாமல் நடக்கும். தமிழ்ப் பாட்டுக்கு நடக்காது, காரணம் உங்கள் தரவு. ஒரு சேவையில் கலைஞர் என்ற இடத்தில் இசையமைப்பாளர் பெயர், இன்னொன்றில் பாடகர் பெயர். தலைப்பு ஆங்கில எழுத்தில் இருக்கும். நெடிலுக்கு ஒருவர் ஓர் 'ஏ' போடுவார், இன்னொருவர் இரண்டு. 'ழ'வுக்கு ஆளுக்கொரு எழுத்து. எண்பதுகளின் படம் ஒன்று இரண்டு மூன்று நிறுவனங்களின் பெயரில் தனித்தனி ஆல்பமாகக் கிடக்கும். கருவி அதில் கரோக்கியையோ கவர் பாட்டையோ எடுத்து வைத்துவிடும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 இடக் குறியீடு உண்டு. உங்கள் ஏற்றுமதிக் கோப்பில் அந்தக் குறியீட்டையும் கொடுத்தால் பாதிப் பிழை தீரும். அதுவரை மாறுகிறவர்கள் இப்படிச் செய்யலாம்: பழைய சந்தா உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிட்டு, இரண்டு பட்டியலின் எண்ணிக்கையை ஒப்பிட்டு, விடுபட்டவற்றைக் கையால் தேடிச் சேர்க்கலாம். பழைய கணக்கை மட்டும் அழிக்காதீர்கள். ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்றவற்றில் சந்தா நின்றாலும் இலவசக் கணக்கில் பிளேலிஸ்டு அப்படியே இருக்கும், டவுன்லோடுதான் போகும்.

அதனால் இன்னொரு வழியும் திறக்கிறது: சுழற்சி. பண்டிகை, பயணம் உள்ள மாதங்களில் கட்டுவது, தேர்வு மாதங்களில் நிறுத்துவது. யூடியூபின் மாதச் சந்தாவை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை இடைநிறுத்தலாம், முன்பணச் சந்தாவை முடியாது. விட்டுப்போனவருக்குச் சில வாரத்தில் 'திரும்பி வாருங்கள்' என்று குறைந்த விலைச் சலுகை அனுப்புவது உங்கள் வழக்கம். விட்டுப்போகிறவருக்கு ஒரு விலை, விசுவாசமாக இருப்பவருக்கு அதைவிடக் கூடிய விலை என்றால், நீங்களே எங்களுக்கு விட்டுப்போகப் பழக்குகிறீர்கள்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். இருக்கும் நாட்டை மறைக்கும் விபிஎன் போட்டு விலை குறைந்த நாட்டில் வாங்குவது: 2024-இல் யூடியூப் அப்படி வாங்கிய சந்தாக்களை ரத்து செய்யத் தொடங்கியது. லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கும் தம்பி தங்கைகளைச் சென்னை முகவரியில் ஃபேமிலி பிளானில் சேர்ப்பது: ஒரே வீட்டு விதி இப்போது உண்மையிலேயே சரிபார்க்கப்படுகிறது, வெளியேற்றப்பட்டால் 12 மாதப் பூட்டும் சேர்ந்து விழும். மோட் ஏபிகே, அதாவது யாரோ மாற்றியமைத்த செயலிக் கோப்பு: விளம்பரமில்லாத பாட்டு என்று டெலிகிராமில் வரும் கோப்பை, வங்கிச் செயலி இருக்கும் அதே போனில் நிறுவுவதற்கு 139 ரூபாய் மிச்சம் காரணமாகாது.

ரத்து செய்யும் பாதையைப் பற்றி நாங்கள் புதிதாக எதுவும் கேட்கவில்லை, சட்டத்தில் இருப்பதைத்தான் கேட்கிறோம். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிடுகின்றன. அதில் சந்தாப் பொறியும் ஒன்று. ரத்து செய்வதை நீண்ட, சிக்கலான வேலையாக்குவது, ரத்துப் பொத்தானை மறைப்பது, வழிமுறையைக் குழப்பமாக எழுதுவது எல்லாம் அதில் அடங்கும். இலவசச் சந்தாவுக்குக் கட்டண விவரமும் ஆட்டோபே ஒப்புதலும் கேட்டு வற்புறுத்துவதும் அதே பட்டியலில் இருக்கிறது. உங்கள் 'மூன்று மாதம் இலவசம்' திரையை இந்த வரியோடு சேர்த்து ஒரு முறை படித்துப் பாருங்கள். புகார் எண் 1915, தமிழிலேயே பேசலாம். புகார் சொல்பவர்கள் விலையேற்ற மெயில், பிடித்தக் குறுஞ்செய்தி, ரத்து செய்ய முயன்ற திரைகளின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் தேதியோடு எடுத்து வைத்திருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

இருப்பவருக்குச் சலுகை கொடுத்தால் வியாபாரம் நடக்காது என்று சொல்வீர்கள். 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு நிறப் பாக்கெட் லிட்டர் 48-இலிருந்து 60 ரூபாய் ஆனபோது, மாத அட்டை வைத்திருந்தவர்களுக்கு 46 ரூபாயே தொடர்ந்தது. ஒரு பால் கூட்டுறவு செய்ய முடிந்ததை, தினம் எதையும் காய்ச்சி நிரப்பி லாரியில் அனுப்பத் தேவையில்லாத நீங்களும் யோசித்துப் பார்க்கலாம். ஓராண்டு தொடர்ந்து கட்டியவருக்கு அடுத்த ஆறு மாதம் பழைய விலை என்று தொடங்கினாலும் சரி.

கடைசியாக அந்த மெயில். 'உங்களுக்கு மேலும் சிறந்த அனுபவத்தை வழங்க' என்று தொடங்கி, நான்காவது பத்தியில் விலையைச் சொல்லும் மெயில்கள் போதும். தமிழில், இந்த அளவில் இருந்தால் போதும்:

'உங்கள் சந்தா இப்போது மாதம் 139 ரூபாய். பிடித்தத் தேதி 18. அக்டோபர் 5 முதல் விலை 159 ரூபாய், வரி உட்பட. உங்களுக்குப் பழைய விலையில் கடைசிப் பிடித்தம் செப்டம்பர் 18, புதிய விலையில் முதல் பிடித்தம் அக்டோபர் 18. அக்டோபர் 4 வரை பழைய விலையில் ஆண்டுச் சந்தா எடுக்கலாம், எடுக்க இங்கே தொடவும். குறைந்த திட்டத்துக்கு மாற இங்கே தொடவும். ரத்து செய்ய இங்கே தொடவும். வேறு எதுவும் கேட்க மாட்டோம். உங்கள் ஆட்டோபே வரம்பு 139. நீங்கள் புதிய ஒப்புதல் தராமல் கூடுதல் தொகை பிடிக்கப்படாது.'

எண்களை மட்டும் மாற்றி அப்படியே பயன்படுத்திக்கொள்ளுங்கள். ராயல்டி கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கும் சந்தாதாரர்கள்